‘பழகிவிடும்’ என்று விற்கப்படும் மீன்

கேள்வி: கோத்தகிரியில் சிறிய விடுதி நடத்துகிறேன். முற்றத்தில் 12 அடிக்கு 7 அடி, 4 அடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி இருக்கிறது. ஏறக்குறைய 10,000 லிட்டர் பிடிக்கும். விருந்தினர் பார்க்கப் பெரிய மீன்களாக விட ஆசை. சென்னைக் கடைக்காரர் ஒருவர் அரபைமா, ரெட்டெயில் கேட்ஃபிஷ், அலிகேட்டர் கார் என்ற மூன்று மீன்களையும் காட்டி, “குளிர் மெல்லப் பழகிவிடும், வேண்டுமானால் ஒரு ஹீட்டர் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? மீன் செத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கொடுக்காதீர்கள். அரபைமாவும் ரெட்டெயிலும் அமேசான் படுகை மீன்கள். குளிரைத் தாங்குவது இனத்தோடு பிறந்த குணம். ஒரு மாதம் பழக்கி வரவழைக்க முடியாது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் நின்றால் இரை செரிக்காது. ரெட்டெயில் மீசையை அசைக்காமல் தரையோடு படுத்துக் கிடக்கும். மாலையில் போட்ட இறால் காலையிலும் அப்படியே கிடக்கும். பிறகு தோலில் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை வரும். அரபைமாவின் பாடு இன்னும் மோசம். அது மேலே வந்து காற்றை விழுங்கியே உயிர் வாழும் மீன். உறைபனி விழும் ஜனவரி விடியற்காலையிலும் அந்தக் காற்றைத்தான் அது விழுங்கியாக வேண்டும்.

ஹீட்டர் யோசனையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 லிட்டரை 14 டிகிரியிலிருந்து 24க்கு ஒருமுறை உயர்த்தவே 116 யூனிட் மின்சாரம் வேண்டும். கடையில் கிடைக்கும் 300 வாட் ஹீட்டர் ஒன்று இடைவிடாமல் பதினாறு நாள் எரிந்தால்தான் அந்த வெப்பம் சேரும், அதுவும் இரவில் துளி வெப்பமும் வெளியேறாவிட்டால். திறந்தவெளித் தொட்டியில் அது நடக்காது. கடைக்காரருக்கு இது தெரியாதிருக்க வாய்ப்பில்லை.

அலிகேட்டர் கார் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதி மீன்; உங்கள் ஊர்க் குளிரைத் தாங்கிவிடும். அதனாலேயே அதை வாங்கக் கூடாது என்பேன். இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து, ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது; 7 அடி அகலத் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது. வளர்ந்த பிறகு வாங்க ஆள் கிடைக்காமல் பலர் நீர்நிலையில் விட்டுவிடுகிறார்கள். 2023இல் ஸ்ரீநகர் தால் ஏரியிலேயே இது சிக்கியது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்து ஆறுகளில் இதுவும் அரபைமாவும் வலையில் விழுந்தன.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பதற்கு வருகிறேன். பொய்யான உறுதிமொழி கொடுத்து விற்பதும், பில் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். ஆனால் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ‘விருந்தினர் பார்க்க’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். விடுதி உங்கள் சுயதொழில், அதுவே பிழைப்பு என்று நிரூபித்தால்தான் விலக்கு கிடைக்கும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வாங்கினால், கடைக்காரர் பொய் உறுதி கொடுத்தார் என்று நிரூபிப்பதும் கடினம். மீனின் பெயர், அது தாங்கும் வெப்பநிலை இரண்டையும் பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பெரிய மீன்தான் வேண்டுமென்றால் கண்ணாடிக் கெண்டையோ கோய் கெண்டையோ நான்கைந்து விடுங்கள். கண்ணாடிக் கெண்டை 1939இலேயே இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து ஊட்டிக் குளிரில் நிலைத்துவிட்ட மீன். வேட்டை மீனின் மிடுக்கு இதற்கு இல்லைதான். ஆனால் கையிலிருந்து பொரியை வாங்கித் தின்னும், குழந்தைகளுக்கு அது போதும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களில் மட்டும் இரை போடாதீர்கள்.