கோனாபட்டு வீட்டுக்குத் திரும்பும் மலேசியக் குடிமகன்: எந்தக் காகிதம் முதலில்?

கேள்வி: எங்கள் பெரியப்பச்சி (பெரியப்பா) 1932இல் கோனாபட்டில் பிறந்து, 1951இல் கப்பலேறி ஈப்போவுக்குப் போனவர். அங்கேயே குடியுரிமை பெற்று, 2009இல் காலமானார். அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, 1962இல் ஈப்போவில் பிறந்த மலேசியக் குடிமகன். பணி ஓய்வு பெற்றுவிட்டதால் ஊர் வீட்டில் தம் பங்கிலேயே தங்கிவிட விரும்புகிறார். அண்ணமிண்டி (அண்ணனின் மனைவி) அவர்கள் மலேசியச் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். இப்போது இருவரும் மின்-சுற்றுலா விசாவில் வந்து எங்களோடு இருக்கிறார்கள். இன்னும் 26 நாட்களே மீதமுள்ளன. நாள் கடந்தாலும் தண்டம் கட்டிவிட்டு இருந்துகொள்ளலாம் என்கிறார் ஒரு பயண முகவர். கோனாபட்டு அக்காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்ததால் ஓசிஐ எனப்படும் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' அட்டை கிடைக்காது என்கிறார் இன்னொருவர். வாக்காளர் அட்டை எடுத்துவிட்டால் போதும் என்றும் சொல்கிறார்கள். என் பேரிலுள்ள இரண்டு ஏக்கர் புன்செய்யை அண்ணன் விலைக்குக் கேட்கிறார். எதை முதலில் செய்வது?

பதில்: உங்கள் அண்ணன் யார் என்பதில் ஊருக்கு எந்த ஐயமும் இல்லை. கோயிலில் குடும்பங்களைப் பதிந்துவைக்கும் புள்ளிக் கணக்கில் அவருடைய அப்பச்சியின் பெயர் இருக்கிறது. வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) அவருக்கென்று ஓர் அறை இன்னும் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் ஊர்க்காரராக இருப்பதும் இந்திய நாட்டில் தங்கும் உரிமை பெற்றிருப்பதும் சட்டத்தின் பார்வையில் இரண்டு வேறு செய்திகள். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதால்தான் நல்ல மனத்தோடு திரும்பி வருகிற குடும்பங்கள் வீண் வழக்கில் சிக்குவதை நான் பார்க்கிறேன். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஓசிஐ அட்டை, பிறகு குடிவருதல், அதன் பிறகே சொத்து.

மிக அவசரமான 26 நாள் விவகாரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விசா எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதும், ஒவ்வொரு முறை வரும்போதும் எத்தனை நாள் தங்கலாம் என்பதும் வெவ்வேறு. ஐந்தாண்டு விசா கையில் இருக்கிறது என்பதற்காக ஐந்தாண்டும் இங்கே இருக்க முடியாது. சுற்றுலா விசா உறவினரைப் பார்க்க வருவதற்கு முற்றிலும் பொருத்தமானது. இங்கேயே குடியிருப்பதற்கு அது வழியல்ல, உள்நாட்டிலிருந்தபடி அதை வேறு வகை விசாவாக மாற்றிக்கொள்வதும் பொதுவாக இயலாது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். தவறிப்போய்ச் சில நாட்கள் கடந்தவர்கள் தண்டத்தொகை செலுத்தி வெளியேறும் அனுமதி பெறுவது நடைமுறையில் உண்டு. முகவர் சொல்வதன் வேர் அதுதான். ஆனால் அது நாட்டை விட்டுப் போவதற்கான ஏற்பாடே தவிர, தொடர்ந்து தங்குவதற்கான ஏற்பாடு அல்ல; நாளைக்கு ஓசிஐ விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவர் கண்ணிலும் அந்தப் பதிவு படும். நாள் முடியும் முன்பே இருவரும் கோலாலம்பூர் திரும்பிவிட வேண்டும்.

உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், அவர் வந்து 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்கு இணையவழியில் தகவல் தர வேண்டும். 'சி' படிவம் என்று பழகிப்போன நடைமுறை இது. விடுதிக்காரருக்கு மட்டும் உரியது என்று பலர் நினைத்திருக்கிறார்கள்.

இனி சமஸ்தானத்துக் கேள்வி. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றிலும் இந்த அச்சம் இருக்கிறது. ஓசிஐ என்பது குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின்கீழ் வருவது. 1950 ஜனவரி 26 அன்றோ அதன் பின் எப்போதாவதோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்த நாளில் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், அவர்களுடைய பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் பேத்தி ஆகியோர் அதற்கு உரியவர்கள். புதுக்கோட்டை 1948 மார்ச்சிலேயே சென்னை மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. உங்கள் பெரியப்பச்சி 1950 ஜனவரி 26 அன்று கோனாபட்டிலேயே இருந்திருக்கிறார். கப்பலேறியது அதற்கு அடுத்த ஆண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி அன்றைக்கே அவர் இந்தியக் குடிமகனாகிவிட்டார். அவர் பின்னர் மலேசியக் குடியுரிமை பெற்றதால் அவருடைய இந்தியக் குடியுரிமை நீங்கியதே தவிர, அவர் ஒரு காலத்தில் குடிமகனாக இருந்தார் என்ற உண்மை நீங்கவில்லை. அண்ணனின் தகுதி அந்த உண்மையின்மேல் நிற்கிறது.

1950க்கு முன்பே அக்கரைக்குப் போய்விட்டவர்களின் பிள்ளைகளுக்கும் வழி அடைபடவில்லை. 'அந்த நாளில் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர்' என்னும் சொற்றொடரை, 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இந்தியா என்று எதைக் குறித்ததோ அந்த நிலப்பரப்பில் தாமோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிறந்து, வெளிநாட்டில் வசித்து வந்தவர் என்று பொருள்கொள்கிறார்கள். அந்தச் சட்டத்தில் இந்தியா என்பது சமஸ்தானங்களையும் உள்ளடக்கியது, பர்மாவை உள்ளடக்காதது. ஆகவே மோல்மீனிலோ ரங்கூனிலோ பிறந்த ஒருவர் தம் பிறப்பைக் காட்டிப் பயனில்லை; செட்டிநாட்டில் பிறந்த தம் தகப்பனாரையோ பாட்டனாரையோ காட்ட வேண்டும்.

தகுதி இருப்பது வேறு, அதை நிறுவுவது வேறு. வேலை இங்கேதான் இருக்கிறது, மீதமுள்ள நாட்களை இதற்காகவே செலவிடுங்கள். முதல் தரமான சான்று பெரியப்பச்சியின் பழைய இந்தியப் பாஸ்போர்ட். முகப்புக்கு அடுத்த அறையிலுள்ள டிரங்குப் பெட்டிகளில், வேட்டி சுற்றிய கணக்குப் புத்தகங்களுக்கு அடியில், கரையான் ஓரம் அரித்த பாஸ்போர்ட்டுகள் பல வீடுகளில் கிடைத்திருக்கின்றன. பெயர், பிறந்த ஊர், தேதி உள்ள ஒரு பக்கம் வாசிக்கும்படி இருந்தாலே அது பெரிய துணை. அது கிடைக்காவிட்டால் அவர் படித்த பள்ளியின் சான்றிதழ், பிறப்புப் பதிவேட்டின் நகல், திருமயம் வட்டாட்சியர் வழங்கும் பிறப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடுங்கள். கோயில் புள்ளிக் கணக்கும் திருமணப் பதிவான இசைகுடிமானமும் உறவைத் தெளிவாக்கும் துணை ஆவணங்கள். அவற்றை மட்டும் வைத்துத் தூதரகம் முடிவெடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடுமாறுவது பெயரில்தான். நம்மவர் பெயருக்கு முன்னால் மூன்று நான்கு தலைமுறையின் விலாச எழுத்துகள் (முன்னெழுத்துகள்) நிற்கும். ஊர்ப் பத்திரத்தில் அத்தனையும் இருக்கும், பாஸ்போர்ட்டில் இரண்டு எழுத்து இருக்கும், மலேசியப் பிறப்புச் சான்றிதழில் ஒன்றுமே இல்லாமல் 'அனாக் லெலாக்கி' (மகன்) என்று எழுதித் தகப்பனார் பெயர் மட்டும் இருக்கும். முத்தையா என்ற ஒரே பெயரை இரண்டு நாட்டு எழுத்தர்கள் இரண்டு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அதிகாரிக்கு அவர்கள் இரண்டு மனிதர்கள். அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தகப்பனார் பெயரையும் இங்குள்ள ஆவணத்தில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை, வேறுபட்ட ஒவ்வொரு வடிவமும் எந்த ஆவணத்தில் வருகிறது என்று குறிப்பிட்டுத் தயாரித்து, விண்ணப்பத்தோடு முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அவர் வழக்கமாக வசிக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில், அதாவது கோலாலம்பூரில், கொடுப்பதே நேரான வழி. கட்டணம் வெளிநாட்டில் 275 அமெரிக்க டாலர். அண்ணன் பிறப்பிலேயே மலேசியர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்ததில்லை என்றால், அதை ஒப்படைத்த சான்றிதழ் அவருக்குத் தேவையில்லை. அவரிடம் இருப்பது குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டைதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். சிவப்பு ஐசி என்றால் அது நிரந்தரவாசிக்கு உரியது. அப்படிப்பட்ட முதியவர்கள் பலர் இன்னும் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு வேண்டியது ஓசிஐ அல்ல, இந்தியப் பாஸ்போர்ட்.

ஓசிஐ வாங்கினால் மலேசியக் குடியுரிமை போய்விடுமோ என்று அண்ணன் தயங்கக்கூடும். அட்டையின் பெயரில் குடிமகன் என்ற சொல் இருந்தாலும், இந்தியச் சட்டப்படி அது குடியுரிமை அல்ல. ஆயுள் முழுதும் செல்லும், எத்தனை முறையும் வந்துபோகலாம் என்னும் விசா. எத்தனை காலம் தங்கினாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. ஓட்டுரிமையும் அரசுப் பணியும் கிடையா. உண்மையான குடியுரிமை வேண்டுமென்றால், அட்டை பெற்று ஐந்தாண்டு ஆன பிறகு, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்து குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ்ப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது மலேசியக் குடியுரிமையைத் துறக்க நேரிடும். பிள்ளைகள் அங்கே இருக்க, 60 வயதைக் கடந்தவர் அந்தக் கதவை அடைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அண்ணமிண்டி அவர்களுக்கு இந்திய வம்சாவளி இல்லாததால், அண்ணனுக்கு அட்டை கிடைத்த பின், ஓசிஐ வைத்திருப்பவரின் மனைவி என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டாண்டு இடைவிடாமல் நிலைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு என்பதால் காலம் கூடுதலாக ஆகும். அதுவரை இங்கே நெடுநாள் தங்க வேண்டுமானால் சுற்றுலா விசாவை நம்பாமல், எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசாவைக் கேட்டுப் பாருங்கள். அதில் 180 நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குத் தாத்தா வழியில் தனித் தகுதி இருக்கிறது.

வாக்காளர் அட்டை யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். குடிமகன் என்று கையெழுத்திட்டுத்தான் அந்தப் படிவம் கொடுக்கப்படுகிறது. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. உதவி செய்கிறோம் என்று ஊர்க்காரர் செய்து தரும் இந்த ஓர் அட்டை, பின்னால் ஓசிஐயையே ரத்து செய்யும் காரணமாகக்கூடும். ஆதார் அப்படியல்ல, முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்த ஓசிஐகாரர் அதை முறைப்படி பெறலாம்.

நிலத்துக்கு வருவோம். தகப்பனார் வழியில் வாரிசாக வந்த பங்கு, வீடானாலும் வயலானாலும், வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் அண்ணனை விட்டுப் போகாது. ஆனால் விலைக்கு வாங்குவது வேறு. ஓசிஐகாரர் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் வாங்க முடியாது. உங்கள் புன்செய்யை அவருக்குக் கிரயம் எழுதித் தரவோ, தானமாக எழுதித் தரவோ வழியில்லை. பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் என்று தலைப்பை மாற்றி எழுதினாலும் பரிமாற்றத்தின் இயல்பு மாறாது. பாகப்பிரிவினை எழுதும்போதும் வயலில் அவருடைய வாரிசுப் பங்குக்கு மேல் ஒதுக்காமல், வீட்டுப் பங்கில் சரிசெய்துகொள்வது நல்லது. வாரிசாக வந்த வயலை அவர் விற்க விரும்பினால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க வேண்டும். வளவில் இன்னொரு பங்கை உங்களிடமிருந்து வாங்குவதானால், அட்டை கைக்கு வந்த பிறகு, வங்கி வழியாகவே பணம் வர வேண்டும். ரிங்கிட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பத்திரம் எழுதுவது கூடவே கூடாது. பின்னாளில் விற்ற பணத்தை வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே எடுத்துச்செல்ல அன்றைய வங்கிச் சான்றுகளே உதவும்.

ஓர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் வருமான வரிச் சட்டப்படி அவர் இந்தியவாசியாகிவிடுவார். மலேசிய ஓய்வூதியத் தொகைக்கும் வாடகைக்கும் அதன் விளைவு என்ன என்பதை முதல் ஆண்டிலேயே ஒரு பட்டயக் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

கோலாலம்பூர் திரும்பும் இதே பயணத்தில் இன்னொரு வேலையையும் முடித்துவரச் சொல்லுங்கள். பெரியப்பச்சியின் இறப்புச் சான்றிதழ் மலேசிய அரசு வழங்கியது. பட்டாவில் பெயர் மாற்றம் கேட்கும்போது வட்டாட்சியர் அலுவலகம் அதன் உண்மைத்தன்மையைக் கேட்கும். மலேசிய வெளியுறவு அமைச்சகமான விஸ்மா புத்ராவில் ஒரு முத்திரை, அதன் பின் இந்தியத் தூதரகத்தில் ஒரு முத்திரை என இரண்டையும் பெற்று, அசலோடு இரண்டு நகலையும் கொண்டுவர வேண்டும். அவர் சார்பில் நீங்கள் இங்கே கையெழுத்திடப் போகிறீர்கள் என்றால், அதிகாரப் பத்திரத்தையும் தூதரகத்திலேயே சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பதால், உறை வந்து சேர்ந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.