சிகாகோவில் பாட்டுக் கேட்க ஆள் கிடைக்குமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஆகஸ்டில் மேற்படிப்புக்கு சிகாகோ வருவதாக எழுதியிருந்தீர்கள். வாடகை எவ்வளவு ஆகும், கார் உடனே வேண்டுமா, குளிருக்கு எதையெல்லாம் ஊரிலேயே வாங்கி வரலாம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். ஊரில் நண்பர்களோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து பழைய பாட்டும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும் கேட்டே பழகிவிட்டது, அங்கே அதற்கு ஆள் கிடைக்குமா, இல்லை ஹெட்போன்தான் கதியா என்று.

வாடகையையும் காரையும் உங்கள் பல்கலைக்கழகத்து சீனியர்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். குளிர்கோட்டை மட்டும் ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ஆள் கிடைக்கும். ஆனால் நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். வந்த புதிதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் அப்புறம் அதுவே பழகிவிடும். நல்ல ரசனையோடு வந்த எத்தனையோ பேர் இங்கே அப்படித்தான் ஆகிப்போனார்கள். வேலைக்குப் போகும்போது வண்டியில் நாலு பாட்டு, திரும்பும்போது நாலு பாட்டு. 'அந்த இடத்தைக் கேட்டியா, என்னமா இழுத்தான் பாரு' என்று பக்கத்தில் ஒருவர் தொடையில் தட்டாமல் எத்தனை நாள்தான் கேட்க முடியும்? கொஞ்ச காலத்தில் கேட்பதே நின்றுவிடுகிறது. என் கண் முன்னால் நடந்ததால் சொல்கிறேன்.

நான் வந்தது 1997 இலையுதிர் காலத்தில். 2000 பிறக்கும்போது கணினிகள் தேதியில் குழம்பிவிடாமல் சரிசெய்யும் ஒய்டூகே வேலைக்கென்று ஆட்களை அள்ளிக்கொண்டு வந்த சமயம் அது. என்னைக் கூட்டிவந்த கம்பெனி, ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை எங்கள் கூட்டத்தையே ஓர் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்டில் போட்டுவைத்தது. பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல், இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதை வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கையில் காசில்லை, கார் இல்லை, வெளியே இடுப்பளவு பனி. அந்த ஜனவரியில்தான் ப்ளூஸ் கலைஞர் ஜூனியர் வெல்ஸ் இறந்துபோன செய்தி ரேடியோவில் வந்தது. ஹாஸ்டலில் ஒரு சீனியர் பதிவுசெய்து கொடுத்த கேசட்டின் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்த பெயர் அது. அவர் வாழ்ந்த ஊருக்கே வந்து சேர்ந்தும் நேரில் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. செய்தியைக் கேட்டு 'அடடா' என்று நான் வாய்விட்டுச் சொன்னதும், அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மதுரைக்காரர் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். "யாரு, அந்த மவுத் ஆர்கன்காரரா?" என்றார். அதுவரை நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் பால் யார் வாங்குவது, குப்பையை யார் போடுவது என்பதுதான். இன்று எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், இப்போதும் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு பேஸ்மென்டில்தான் கூடுகிறோம். ஆகவே வாய்விட்டுச் சொல்லுங்கள் தம்பி. உங்களுக்குப் பிடித்ததை நாலு பேர் காதில் விழும்படி சொன்னால்தான் எந்த அறையில் யார் இருக்கிறார் என்று தெரியும்.

சரி, ப்ளூஸை நேரில் கேட்கப் போகும் விஷயத்துக்கு வருகிறேன். ஹால்ஸ்டெட் தெருவில் கிங்ஸ்டன் மைன்ஸ் என்ற ப்ளூஸ் கிளப் 1968-லிருந்து இருக்கிறது. அங்கே இரண்டு மேடை. ஒரு குழு ஓய்வெடுக்கும்போது இன்னொரு குழு அடுத்த மேடையில் ஆரம்பிக்கும், விடியற்காலைவரை போகும். வாபாஷ் தெருவில் ப்ளூஸ் கலைஞர் பட்டி கை நடத்தும் லெஜண்ட்ஸ் என்ற கிளப் இருக்கிறது. லூசியானாவில் பிறந்து 1957-ல் இந்த ஊருக்குக் கிதாரோடு வந்தவர். ஜனவரி மாதத்தில் அவரே மேடையேறுவது வழக்கம், டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது ஆர்மிடேஜ் தெருவில் உள்ள ரோசாஸ் லவுஞ்ச். இத்தாலியிலிருந்து ப்ளூஸுக்காகவே இங்கே வந்த ஓர் இளைஞர், தன் அம்மாவின் பெயரை வைத்து 1984-ல் தொடங்கிய இடம். சின்ன இடம். பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

இதில் மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 21 வயது நிரம்பியதற்கு அடையாள அட்டை கேட்பார்கள். அதற்காக பாஸ்போர்ட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள், தொலைந்தால் படாத பாடு படுவீர்கள். வந்தவுடன் இல்லினாய் மாநில அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். அடுத்தது குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. நீங்கள் குடிப்பீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் இந்த நாட்டில் விசாவில் இருப்பவர் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே போதும், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். 'ரெண்டே பீர்தான்' என்று சொல்லும் நண்பனின் காரிலும் ஏறாதீர்கள். ரெட் லைன் ரயில் இரவு முழுக்க ஓடுகிறது. ஃபுல்லர்டனில் இறங்கினால் கிங்ஸ்டன் மைன்ஸுக்கும், ஹாரிசனில் இறங்கினால் லெஜண்ட்ஸுக்கும் நடந்தே போய்விடலாம். மூன்றாவது, வாசிப்பவர்களுக்குப் பணம் போடுவது. இடைவேளையில் ஒரு வாளியோ ஜாடியோ சுற்றி வரும். அப்போது போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்ளும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கூசும். நுழைவுக் கட்டணம் கொடுத்தாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். அந்த டிரம்மர் அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகும் காசில் அந்த வாளியும் சேர்த்தி.

கை தட்டுவதையும் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தாளத்தின் முதல் தட்டில்தான் கை விழும், சிறுவயதுப் பழக்கம். இங்கே நாலில் இரண்டாவதிலும் நாலாவதிலும் தட்டுவார்கள். டிரம்மரின் இடக்கையைப் பாருங்கள், அவர் முன்னால் இருக்கும் ஸ்னேர் என்ற டிரம் எப்போது அடிபடுகிறதோ அப்போது தட்டினால் சரியாக இருக்கும். எனக்கு அது படிய ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. இப்போது ஒரு கூடத்தில் நம்மவர்கள் கூட்டமாக முதல் தட்டில் தட்ட ஆரம்பித்தால் நானும் மதுரைக்காரரும் சத்தமாக மாற்றித் தட்டி இழுத்து வந்துவிடுவோம். இதில் எனக்குப் பெருமைதான்.

இன்னொரு எச்சரிக்கை, இது ஆட்களைப் பற்றியது. ஊரின் தெற்குப் பகுதியைச் சவுத் சைடு என்பார்கள். வந்ததும் உங்களிடம் 'சவுத் சைடு பக்கமே தலைவைத்துப் படுக்காதே' என்று சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனதே இல்லை. எந்தப் பெருநகரத்திலும் இருக்க வேண்டிய கவனம் இங்கேயும் வேண்டும். வழி தெரிந்து போங்கள், இரவில் தனியாகப் போகாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்கும் அந்த இசை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1910-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களை விட்டு வெளியேறினார்கள். மிசிசிப்பியிலிருந்து கிளம்பியவர்களில் ஏராளமானோர் இல்லினாய் சென்ட்ரல் ரயிலில் ஏறி வந்து இறங்கியது அந்த சவுத் சைடில்தான். ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் 1943-ல் வந்தார். பகலில் காகிதத் தொழிற்சாலையில் வேலை, அப்புறம் லாரி ஓட்டினார், இரவில் வீட்டு விருந்துகளிலும் பார்களிலும் வாசித்தார். அந்த இரைச்சலில் மரக் கிதார் யார் காதிலும் விழவில்லை, அதனால் எலக்ட்ரிக் கிதாருக்கு மாறினார். சிகாகோ ப்ளூஸின் சத்தம் இப்படித்தான் உருவானது. தெற்கு மிச்சிகன் அவென்யூவில் 2120 எண்ணுள்ள கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். போலந்திலிருந்து சிறுவர்களாக வந்த இரண்டு சகோதரர்கள் நடத்திய செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு கம்பெனி அங்கேதான் இயங்கியது. 1964-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு லண்டனிலிருந்து தேடி வந்து பாடிப் பதிவுசெய்த இடம். இப்போது அங்கே பாட்டெழுதிய வில்லி டிக்சன் பெயரிலான அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது.

நம்மில் சிலர், 'அவங்களும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவங்கதானே' என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. நாம் பட்டமும் விசாவும் கையில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தோம். பிடிக்காவிட்டால் திரும்பிப் போக நமக்கு ஒரு வீடு இருக்கிறது. அவர்கள் குத்தகைக் கடனுக்கும் கும்பல் கொலைக்கும் தப்பித்து வந்தவர்கள், அதுவும் தங்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே. அந்தப் பாட்டைக் கேட்கப் போகும்போது இது மனத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து வீட்டில் கூடிக் கேட்பது. இங்கே அபார்ட்மென்டுகளில் பல மரச்சட்டத்தில் கட்டியவை. நம் ஊர் கான்கிரீட் தளம் என்று நினைத்து சப்வூஃபரைத் தரையில் வைத்தால், பேஸ் அப்படியே கீழ்வீட்டுக்காரர் கூரைக்கு இறங்கிவிடும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று லீஸில் பெரும்பாலும் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். எங்களில் ஒருவர் அறையில் பாட்டுக் கேட்டதற்குக் கீழ்வீட்டுக்காரர் நேரே போலீஸைக் கூப்பிட்டார். ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் குறைத்திருப்போம். கதவைத் தட்டிச் சொல்லும் வழக்கம் இங்கே குறைவு என்பதை அன்றுதான் புரிந்துகொண்டோம். அதனால் குடிபோன வாரத்திலேயே கீழ்வீட்டுக்காரரிடம் போய் அறிமுகம் செய்துகொண்டு உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். ஸ்பீக்கருக்கு அடியில் தடிமனான ரப்பர் மெத்தை போடுங்கள்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் வேண்டாம். தமிழ்ச் சங்கத்து விழாக்களுக்குப் போங்கள், நல்ல மனிதர்கள் கிடைப்பார்கள். ஆனால் அங்கே பாட்டு என்றால் கரோக்கே, கரோக்கே என்றால் போட்டி, போட்டி என்றால் பரிசு. பாடுபவருக்குத் தன் முறை எப்போது வரும் என்ற கவலை, கேட்பவருக்கு வீட்டு விலையும் கிரீன் கார்டும். எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க ஒருவர் அடமானக் கடன் வட்டியைப் பற்றிப் பேசினால் எனக்கு மனசே ஆறாது. எங்கள் பேஸ்மென்டில் ஆறேழு பேர்தான். ஒருவருக்கு ஒரு பாட்டு, பாட்டு முடியும்வரை பேச்சு கிடையாது. இது சும்மா வைத்த விதி இல்லை. நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார். பன்னிரண்டு பார் ப்ளூஸில் ஒரு வரிக்கு நாலு பார். பாடுபவர் வரியை முதல் இரண்டு பாரிலேயே முடித்துவிடுவார், மிச்ச இரண்டில் கிதாரோ மவுத் ஆர்கனோ அவருக்குப் பதில் சொல்லும். அப்புறம் அதே வரியை மறுபடி பாடுவார், வேறு பதில் வரும். மூன்றாவது வரியில்தான் விஷயத்தை உடைப்பார். பேசுபவர்கள் எப்போதும் அந்தப் பதில் வரும் இடத்தில்தான் பேசுவார்கள், பாட்டின் பாதி அங்கேயே போய்விடும்.

ஒருநாள் மதுரைக்காரர் வைத்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஜிம்மி ராட்ஜர்ஸ். 1927-லிருந்து ப்ளூஸையும், குரலைச் சட்சட்டென்று மேலே ஏற்றி இறக்கும் யோடலிங்கையும் சேர்த்துப் பாடிய வெள்ளைக்காரர். அடுத்து ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃப். ராட்ஜர்ஸ் மாதிரி யோடலிங் செய்யப் பார்த்து, அது வராமல் ஊளையிடும் குரலைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டவர். மூன்றாவதாக, யாரும் எதிர்பார்க்கவில்லை, ஜே.பி. சந்திரபாபு. அந்த யோடலிங் கிளம்பியதும் சோபாவில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்துவிட்டோம். சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுதான், ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது மனிதர் எத்தனை பெரிய கலைஞர் என்று தெரிந்தது. பாட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தார். இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ஸ்டுடியோக்களில் கிதார் வாசித்தவர் என்பதும் அவருடைய பழைய பாட்டுகளை ப்ளூஸ் கிதார்க்காரர் பி.பி. கிங்குக்கு அடுத்து வைத்தால் உடனே புரியும். பழைய நண்பர்களோடு கேட்பதில் உள்ள சுகம் இதுதான். எந்தப் பாட்டுக்கு அடுத்து எது வந்தால் யார் நிமிர்வார் என்று தெரிந்து வைப்பார்கள்.

ரெக்கார்ட் வாங்க ஜாஸ் ரெக்கார்ட் மார்ட் என்று கடல் மாதிரி ஒரு கடை இருந்தது, 2016-ல் மூடிவிட்டார்கள். அதைப் பற்றி நேரில் பேசுவோம், எழுதினால் தீராது. அதுவரை எஃப்.எம். 90.9-ல் டபிள்யூ.டி.சி.பி. ரேடியோவை வையுங்கள். இரவும் பகலும் ஜாஸ், இடையிடையே ப்ளூஸ்.

நீங்கள் ஆகஸ்டில் வருவதால் இந்த வருஷத்து ப்ளூஸ் திருவிழா போய்விடும், அது ஜூனில். ஆனால் செப்டம்பர் முதல் திங்கள்கிழமை விடுமுறையை ஒட்டி மில்லேனியம் பார்க்கில் ஜாஸ் திருவிழா நடக்கும், கட்டணம் இல்லை. உங்களுக்கு ஜாஸ் பழக்கமில்லாவிட்டாலும் வாருங்கள். முன்வரிசைக்கு அடித்துப்பிடிக்க வேண்டாம், புல்வெளிக்கு மேலே கம்பி வளைவுகளில் ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், பின்னால் படுத்துக்கொண்டு கேட்டாலும் தெளிவாகக் கேட்கும். நாங்கள் வழக்கமாக இடப்பக்கம் ஜமுக்காளம் விரித்திருப்போம். உங்கள் கூட இன்னும் இரண்டு பேர் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், அடுத்த சனிக்கிழமைக்கு ஆளுக்கு ஒரு பாட்டும் யோசித்து வையுங்கள்.