பாராடாங் சேற்று எரிமலை, பாலுதேரா கடற்கரை: கேள்வி பதில்

போர்ட் பிளேரில் வளர்ந்தவள், நிலவியல் படித்தவள் என்பதால் அந்தமானின் பாராடாங் தீவு பற்றிய கேள்விகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். 2024இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் விலை, பேக்கேஜ் பேரம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

திருச்சி அப்பா: அக்கா, குடும்பத்தோடு ஜனவரியில் வருகிறோம். எரிமலை, குகை, கடற்கரை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் அன்றைய பொழுதை நடத்துவது நீங்கள் இல்லை, கான்வாய். போர்ட் பிளேரிலிருந்து பாராடாங் சுமார் 100 கி.மீ. ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஜாரவாப் பழங்குடி மக்களின் காப்பகம். அதற்குள் தனி வண்டி போக முடியாது. நாளைக்குச் சில முறை, குறித்த நேரத்தில், காவல் வண்டியோடு வரிசையாக அனுப்புவார்கள். முதல் கான்வாய் காலை 6 மணிக்கு. அதைப் பிடிக்க விடியற்காலை மூன்றரைக்காவது ஊரைவிட்டுக் கிளம்பவேண்டும், ஏனென்றால் ஜனவரியில் வண்டி வரிசை நீளும். சாவடியில் ஒவ்வொருவர் பெயரையும் படிவத்தில் எழுதி, அடையாள அட்டை நகலோடு கொடுக்கவேண்டும். நகலை முதல் நாளே எடுத்து வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அங்கே டீயும் வடையும் கிடைக்கும்.

காட்டுக்குள் மணிக்கு 40 கி.மீ.தான் வேகம். ஏறக்குறைய 50 கி.மீ. கடந்தால் மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை. பெரும்பாலும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஃபெர்ரியில் அக்கரை நீலம்பூர் ஜெட்டிக்குப் போவீர்கள். அங்கே முதலில் குகைக்குப் படகு போடுங்கள். அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குள் அரை மணி நேரப் பயணம். என்னைக் கேட்டால் நாள் முழுவதிலும் அதுதான் உச்சம். கடைசியில் இரண்டு பக்கமும் வேர்கள் நெருக்கிக்கொண்டு வர, படகு மெல்ல நுழையும். அப்புறம் நயாடேராவில் இறங்கி ஒன்றரை கி.மீ. நடை, சுண்ணாம்புக் குகை. உள்ளே தொங்கும் பாறைகளைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வளர்ச்சி நின்று கருத்துவிடும்.

திரும்பி வந்து ஜெட்டியில் ஜீப் பிடித்தால் எரிமலை எட்டு கி.மீ. அளவு. நேரம் மிச்சம் இருந்தால் பாலுதேரா. இல்லாவிட்டால் கடற்கரையை விட்டுவிடுங்கள், கான்வாயை விடாதீர்கள். திரும்பும் கடைசி கான்வாய் பிற்பகலிலேயே போய்விடும். நேரத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், காலையில் போகும்போதே ஓட்டுநரைக் கேட்டு உறுதி செய்யுங்கள். கடைசி கான்வாயைத் தவறவிட்டால் இரவு அந்தப் பக்கம்தான்.

சேலம் டீச்சர்: எரிமலை என்கிறீர்களே, பிள்ளைகளைக் கிட்டே கூட்டிப் போகலாமா? சுடாதா?

சுடாது. உள்ளே நெருப்புக் குழம்பு கிடையாது. ஜார்வா கிரீக் கிராமத்தில் ஜீப்பிலிருந்து இறங்கி, படியேறிக் கொஞ்சம் நடந்தால் மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சேற்று மேடு, சுற்றிலும் வேலி. மேட்டில் சின்னச் சின்னக் குழிகள். சேறு மெதுவாக உப்பி, ஒரு குமிழி வெடித்து அடங்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இரண்டே நிமிடத்தில் "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுவார்கள். உளுந்த மாவு பொங்குகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

ஆனால் அந்தக் குமிழியின் கதை பெரிது, டீச்சர், வகுப்பில் சொல்லலாம். பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அதில் இந்தியத் தட்டு வடகிழக்கே நகர்ந்து பர்மா தட்டுக்கு அடியில் நுழைகிறது. நுழையும்போது அதன் முதுகில் இருந்த கடலடி வண்டல் சுரண்டப்பட்டு, மடிப்பு மடிப்பாகக் குவிகிறது. அந்தமான் தீவுகளில் பெரும்பகுதி அப்படிக் குவிந்து தண்ணீருக்கு மேல் தலை நீட்டியதுதான். அந்த வண்டலுக்குள் இறுகாத களிமண்ணும் நீரும் சிக்கிக் கிடக்கின்றன. பழைய உயிர்ப்பொருள்கள் சிதைந்து உண்டான வாயுவும் இருக்கிறது, பெரும்பாலும் மீத்தேன். மேலிருந்து எடை அழுத்த, பக்கத்திலிருந்து தட்டு நெருக்க, வெளியேற வழி தேடி வாயு மேலே வருகிறது. களிமண்ணையும் நீரையும் கூடவே தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால்தான் வேலி ஓரம் சிகரெட் பற்ற வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 2003இல் அது பெரிதாகச் சீறியபோது தீயும் தெரிந்தது.

நாமக்கல் தம்பி: அக்கா, அந்தச் சேற்றில் இறங்கிக் குளிக்கலாமா? யூடியூபில் பார்த்தேன்.

நீங்கள் பார்த்தது கொலம்பியாவில் இருக்கும் எல் டோட்டுமோவாக இருக்கும். கூம்பு மேட்டில் ஏறி, சேற்றுத் தொட்டிக்குள் மிதப்பார்கள். பாராடாங்கில் வேலிக்குள் போகக் கூடாது.

ஈரோடு பயணி: ஹோட்டலில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் என்ன?

அன்று போர்ட் பிளேரிலேயே செல்லுலார் சிறையைப் பாருங்கள்.

நாகப்பட்டினம்: பாலுதேரா எப்படி? கடலில் குளிக்கலாமா? ஹேவ்லாக் கடற்கரை மாதிரி இருக்குமா?

ஹேவ்லாக் மாதிரி வெள்ளை மணல், விடுதி, கூட்டம் எதுவும் இல்லை. ஜெட்டியிலிருந்து பத்து கி.மீ.க்குள், கிராமம் தாண்டி, காட்டோரம். பெரும்பாலான பேக்கேஜ்களில் இதைச் சேர்க்கவே மாட்டார்கள், நேரம் போதாது என்று. அமைதியாக ஒரு மணி நேரம் உட்கார நல்ல இடம். மணல் ஈ கடிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

குளிப்பதைப் பற்றி: அந்தமானில் உப்புநீர் முதலை இருக்கிறது. ஓடையில் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், கடலிலும் நீந்தும். 2010இல் ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஓர் அமெரிக்கப் பெண் முதலை தாக்கி இறந்துபோனார். பாராடாங்கைச் சுற்றி எல்லாமே அலையாத்தி ஓடை. கிராமத்து ஆளைக் கேட்டு, அவர் சரி என்ற இடத்தில் காலை நனையுங்கள். ஓடை கடலில் சேரும் இடத்தில் இறங்கவே இறங்காதீர்கள். படகில் போகும்போதும் கையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

பெங்களூர் ஐடி: கிளித் தீவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கிளிகள் கூட்டமாக அடைய வருவது சாயங்காலம். உங்கள் கடைசி கான்வாய் அதற்கு முன்பே போய்விடும். இரவு தங்கினால் பாருங்கள். வடக்கே ராங்கத் ஊரில் தங்கினால் இன்னும் நல்லது, அங்கே தானி நல்லாவில் அலையாத்திக்குள் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள், அம்குஞ்ச் கடற்கரையும் இருக்கிறது.

கரூர்: சேற்றுக் குளியல் உண்டா அங்கே? தோலுக்கு நல்லது என்கிறார்களே?

மேலே நாமக்கல் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விருதுநகர் அண்ணாச்சி: போகிற வழியில் ஆதிவாசிகளைப் பார்க்கலாமாமே. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். கொடுக்க பிஸ்கட் வாங்கி வைக்கட்டுமா?

வேண்டாம் அண்ணாச்சி. பிஸ்கட்டை உங்கள் பிள்ளைகளுக்கே கொடுங்கள். அந்தச் சாலையில் வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, எதையாவது கொடுப்பது எல்லாமே குற்றம். 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம், 2012இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது, சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள். ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான். வெளியாட்களோடு அவர்கள் பழகத் தொடங்கியதே 1990களின் கடைசியில்தான். அடுத்து 1999இல் அவர்களுக்கிடையே தட்டம்மை பரவியது. நம் பிள்ளைக்கு வரும் சாதாரண இருமல் அவர்களுக்கு அப்படி முடியலாம்.

ஓசூர்: பார்ப்பதில் என்ன தப்பு? நாம் ஒன்றும் தொந்தரவு பண்ணவில்லையே.

நீங்கள் ஒருவர் இல்லை. நாள்தோறும் வரிசை வரிசையாக வண்டிகள், ஒவ்வொரு ஜன்னலிலும் முகங்கள். உங்கள் தெருவில் அப்படி ஓடினால்? 2012இல் சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ வெளிவந்து உலகமே காறித் துப்பியது. அதற்குப் பிறகும் "காட்டுகிறேன்" என்று ஆசை காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லும் ஓட்டுநரோடு போகாதீர்கள்.

சென்னை வழக்கறிஞர்: நீங்கள் சொல்வது பாதிதான். தப்பு அந்தச் சாலையே. காப்பகத்துக்குள் போகும் பகுதிகளை மூடச் சொல்லி 2002லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னும் ஓடுகிறது. "அமைதியாகப் போங்கள், பார்க்காதீர்கள்" என்று வழி சொல்லித் தரும் நீங்களும் அந்தப் போக்குவரத்தில் ஒரு பங்குதான்.

ஆமாம், பங்குதான். ஆனால் நான் பதில் சொல்லாவிட்டாலும் இவர்கள் வரத்தான் போகிறார்கள். அப்போது பிஸ்கட்டோடு வருவார்கள்.

ராங்கத் வாசி: சென்னையில் உட்கார்ந்து சாலையை மூடு என்பது சுலபம் சார். எனக்கு அது சுற்றுலாச் சாலை இல்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாகத்தான் கொண்டுபோனோம். காய்கறி, மருந்து, பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள், எல்லாம் அதில்தான்.

சென்னை வழக்கறிஞர்: நோயாளியையும் செல்ஃபி எடுப்பவரையும் ஒரே கான்வாயில் அனுப்புவதைத்தான் கேட்கிறேன். 2013 ஜனவரியில் சுற்றுலா வண்டிகளை மட்டும் நீதிமன்றம் நிறுத்தியதே.

ராங்கத் வாசி: மார்ச்சில் திறந்தும் விட்டதே. நடுவில் அந்த வாரங்களில் பாராடாங் ஜீப்காரன், படகுக்காரன் அடுப்பு எரிந்ததா என்று யாராவது கேட்டார்களா?

இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஆனால் ஒன்றுக்கு ஒன்று பதில் இல்லை. என் கட்சி இது: உள்ளூர் மக்களுக்குச் சாலை, சுற்றுலாவுக்குக் கடல். போர்ட் பிளேரிலிருந்து ராங்கத்துக்கு அரசுக் கப்பல் ஓடுகிறது. ராங்கத்தில் இறங்கி, தங்கி, அங்கிருந்து தெற்கே பாராடாங்குக்கு வந்தால் ஜாரவா காட்டின் இந்தப் பகுதியைக் கடக்க வேண்டாம். கப்பல் டிக்கெட் கிடைப்பது பாடு. ஒரு நாள் பயணம் மூன்று நாளாகும். ஆனால் படகுக்காரருக்கும் ஜீப்காரருக்கும் வருமானம் நிற்காது. அதைச் சரியாக நடத்தினால் சாலையில் பாதி வண்டி குறையும்.

ஓசூர்: அப்படியென்றால் எரிமலைக்கே போக வேண்டாம் என்கிறீர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லை, மேலே படியுங்கள். இந்த வாதம் இத்தோடு போதும், கீழே வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

காரைக்குடி: அம்மாவுக்கு முழங்கால் வலி. எதை விடலாம்?

குகையை விடுங்கள். போக வர மூன்று கி.மீ. நடை, படகில் ஏறி இறங்குவதும் சிரமம். எரிமலைக்குப் படி உண்டு, ஆனால் குறைவு, மெதுவாக ஏறலாம். ஜீப் குலுக்கும், இடுப்புக்குத் தலையணை கொண்டு போங்கள்.

பாண்டிச்சேரி மாணவன்: நானும் நிலவியல் படிக்கிறேன். பூகம்பத்துக்கும் இந்தச் சீற்றத்துக்கும் தொடர்பு உண்டா, மேடம்?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்! 2004 டிசம்பர் 26 பெரும் பூகம்பத்துக்குப் பிறகு பாராடாங் சீறியது. குலுக்கல் வந்தால் களிமண் இளகும், அடைபட்ட பிளவு திறக்கும், நீரில் கரைந்திருந்த வாயு பிரியும். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறக்கிற இயற்பியல்தான். ஆனால் ஒவ்வொரு சீற்றத்துக்கும் பூகம்பத்தைத் தேடாதே. அழுத்தம் தானாகச் சேர்ந்தும் வெடிக்கும். இந்தோனேசியாவின் சிதோவார்ஜோவில் 2006 மே மாதம் தொடங்கிய லூசி சேற்றுப் பெருக்கை எடுத்துப் படி. பக்கத்தில் போட்ட எரிவாயுக் கிணறா, இரண்டு நாள் முன் வந்த யோக்யகர்த்தா பூகம்பமா என்று நம் ஆட்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் சேற்றுக்குள் போய்விட்டன. பாராடாங்கோடு நிற்காமல் வடக்கே திக்லிபூர் ஷியாம்நகரிலும் சேற்று எரிமலைகள் இருக்கின்றன, போய்ப் பார். அசர்பைஜானில் நூற்றுக்கணக்கில் உண்டு, அதற்குக் காசு சேர்த்துக்கொள்.

தஞ்சாவூர்: 2025 அக்டோபரில் வெடித்ததாகச் செய்தி வந்ததே. இப்போது போகலாமா?

வெடித்தது, அக்டோபர் 2ஆம் தேதி. பெரிய சத்தத்தோடு சேறு மேடாக எழும்பியது. 20 ஆண்டுகளுக்குப் பிறகு அவ்வளவு பெரிதாக. உடனே ஆட்களை நிறுத்தினார்கள். நீலம்பூர் ஜெட்டியில் இறங்கியதும் ஜீப் பேசுவதற்கு முன் "மேலே விடுகிறார்களா" என்று கேளுங்கள். புதுச் சேறு மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே இளகியிருக்கும். வேலியைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள். கடைசி கான்வாயை மறக்காதீர்கள்.

மதுரை: நிஜ எரிமலை, நெருப்பு கக்குகிறது, அதற்கு எப்படிப் போவது?

அது பாரன் தீவு. கடலில் வேறு திசை, வேறு பயணம். இங்கே வேண்டாம்.

திண்டுக்கல்: மேடம், சேற்றில் குளிக்க மாற்றுத் துணி கொண்டு வரவேண்டுமா?

கொண்டு வாருங்கள், மழையில் நனைந்தால் உதவும். குளிக்க முடியாது.

கும்பகோணம்: டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. பாராடாங்குக்குத் திங்கட்கிழமை வைத்திருக்கிறோம், சரிதானே?

குகைக்குத் திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கு மாற்றுங்கள்.