அங்க ரயில் ஊதுச்சு, இங்க குருவி ஊதுது

கேள்வி: அக்கா வணக்கம். தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன், பேரு வேணாம், வாசகின்னே போட்டுக்கோங்க. போன ஐப்பசில நடந்தது இது. விடியக்காலம் அஞ்சே முக்கால் இருக்கும், பால் பாத்திரம் எடுக்க பின்னாடி சாய்ப்புக்கு போறேன், தண்ணி டிரம்முக்கும் செவத்துக்கும் நடுவுல ஏதோ அசையுது, எலின்னு நெனச்சு வெளக்கமாத்த தூக்கிட்டேன். குனிஞ்சு பாத்தா ஒரு குருவி. இப்படி ஒரு குருவிய நான் பாத்ததே இல்லக்கா. முதுகு பச்ச, றெக்கைல ஒரு எடத்துல மட்டும் மீன்கொத்தி மாதிரி நீலம், கண்ணுக்கு மை அப்புன மாதிரி பட்டையா ஒரு கறுப்பு, கழுத்து வெள்ள, வாலுக்கு கீழ குங்குமச் சிமிழ் கவுந்த கணக்கா செவப்பு. வாலுன்னு பேருக்கு ஒரு துண்டுதான் இருக்கு, யாரோ கத்திரிச்சு விட்ட மாதிரி. என்னய பாத்தும் பறக்கல, கண்ண மூடி மூடி தொறக்குது. பய போட்டோ எடுத்து கூகுள்ல போட்டான், ஆறுமணிக்குருவின்னு வந்துச்சு. அந்தப் பேர கேட்டதும் நான் அங்கனயே உக்காந்துட்டேன்.

ஏன்னா அது எங்க அப்பத்தா சொல்ற பேரு. அவுக தனுஷ்கோடில வாக்கப்பட்டவுக, 64 புயல்ல வீடு வாச எல்லாம் போயி கைல பிள்ளையோட தங்கச்சிமடம் வந்து சேந்தவுக. எங்க வீட்டுல கடிகாரம் கெடையாது. சாயங்காலம் பின்னாடி மல்லியப்பூ நாத்து போட்டிருந்த தோட்டத்துல இருந்து விசில் அடிச்ச மாதிரி ரெண்டு சத்தம் வரும், உடனே அப்பத்தா "ஆறு மணி ஆச்சு, வெளக்க ஏத்து"ம்பாக, நான் அரிக்கேன் சிம்னிய துடைக்க ஓடுவேன். எப்படி அப்பத்தா தெரியும்னு கேட்டா "அங்க ரயில் ஊதுச்சு, இங்க குருவி ஊதுது"ன்னு சொல்லிட்டு வெத்தலைய மடிக்க ஆரம்பிச்சுருவாக. அந்தக் குருவிய பாத்துரணும்னு நான் தோட்டத்துக்குள்ள எத்தன நாளு பூனை மாதிரி போயிருப்பேன், ஒரு தடவ உடமுள்ளு குத்தி கால் சீழ் வச்சதுதான் மிச்சம்.

சோறு வச்சேன், கிண்ணத்துல தண்ணி வச்சேன், தொடல. சாயங்காலம் மசங்குற நேரம் பாத்தா ஆளக் காணோம். அப்பத்தா சொன்ன குருவி இதுதானாக்கா? அது ஏன் வீட்டுக்குள்ள வந்துச்சு? காட்டுக்குருவி வீட்டுக்குள்ள வந்தா ஆகாதுன்னு பக்கத்து வீட்டு மதினி வேற பயமுறுத்துறாக. அப்பறம், வருசம் பூரா கேட்ட சத்தம் இப்ப ஏன் கேக்கறதே இல்ல? தோட்டம் இருந்த எடத்துல இப்ப லாட்ஜ் வந்துருச்சு.

பதில்: இதேதாம்மா. நீங்க எழுதுன அடையாளத்த படிச்சதுமே தெரிஞ்சு போச்சு, கூகுள் தேவைப்பட்டிருக்காது. தோட்டக்கள்ளன்னும் சொல்லுவாங்க, சில ஊர்ல பொன்னுத்தொட்டான். இத்தனை கலர வச்சுக்கிட்டு கண்ணுல சிக்காம இருக்குறது பெரிய வித்தை. மரத்து உச்சில உக்காந்து பாடற ஜாதி இல்ல, புதருக்கு அடில தரைல தத்தித் தத்தி போயி காஞ்ச எலைய அலகால பொரட்டிப் போட்டு பூச்சி, புழு, மண்புழு பொறுக்கும். பச்ச முதுகு எல நெழலோட ஒட்டிக்கும். அதனால நீங்க சின்ன வயசுல அத்தன தடவ போயும் பாக்க முடியாதது உங்க குத்தம் இல்ல, நீங்க மேல பாத்திருப்பீங்க, அது உங்க கால்கிட்டயே இருந்திருக்கும்.

இது நம்ம ஊர்ல பொறக்குறது இல்ல. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா காடு, அந்தப் பக்கம் தென்மேற்கு மழைக்காலத்துல கூடு கட்டி குஞ்சு பொரிச்சுட்டு, புரட்டாசி ஐப்பசில தெக்க கெளம்பி தமிழ்நாடு, கேரளா, இலங்கை வரைக்கும் வரும். காக்காய விட ரொம்ப சின்னது, மைனாவ விடவும் கொஞ்சம் சின்னது, 19 சென்டிமீட்டர்தான், அது றெக்கைய அடிச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் வருது, அதுவும் ராத்திரில. இங்கதான் உங்க கேள்விக்கு பதில் இருக்கு. ராத்திரி பறக்குற பறவைக்கு நம்ம லைட்டு எல்லாம் கண்ணக் கட்டுன மாதிரி ஆயிரும். ஏற்கனவே தெம்பு இல்ல, வெளிச்சத்துல தடுமாறி செவுத்துல முட்டி, கெடைச்ச இருட்டு மூலைல போயி ஒண்டிக்கும். ஐப்பசி வந்தா சென்னைல கூட மாடி வீட்டு பால்கனில, பாத்ரூம்ல இதக் கண்டெடுத்த கதை வரும். உங்க ஊருன்னா கேக்கவே வேணாம், தனுஷ்கோடி தாண்டினா தலைமன்னாருக்கு கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் கடல். இலங்கைக்கு போற குருவி எறங்கி மூச்சு வாங்க உங்க சாய்ப்பு வாகான எடம்தான். மதினிகிட்ட சொல்லுங்க, ஆகாத நேரம் வந்தது குருவிக்குதான், உங்களுக்கு இல்ல.

நீங்க ஒன்னும் தப்பா செய்யல, சும்மா விட்டதே நல்லது. இனிமே வந்தா சோறு வைக்காதீங்க, அது திங்காது. அதப் புடிச்சு வாயில தண்ணிய மட்டும் ஊத்திறாதீங்க, மூச்சுக்குழல்ல எறங்கிரும், பாசத்துல கொல்றது இப்படித்தான். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில மெத்துன்னு ஒரு துணி போட்டு மூடி, பூனை எட்டாத இருட்டு எடத்துல வச்சுட்டு, பொழுது சாயறப்ப ஒரு புதர் பக்கமா தொறந்து விட்டா போதும். றெக்கை ஒடிஞ்சிருந்தா மண்டபம் வனச்சரக ஆபீஸுக்கு சொல்லிருங்க. அழகா இருக்கேன்னு கூண்டுல போடலாம்னு யாராவது சொன்னா 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்த ஞாபகப்படுத்துங்க.

ஒரு சின்ன சண்டை மட்டும் உங்ககூட. வருசம் பூரா கத்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, வாய்ப்பே இல்ல. சித்திரை வாக்குல அது வடக்க திரும்பிரும், புரட்டாசி வரைக்கும் உங்க தோட்டத்துல ஆளே இருந்திருக்காது. அப்ப அந்த மாசமெல்லாம் அப்பத்தா எத வச்சு வெளக்கு ஏத்தச் சொன்னாங்க? கோயில் மணியா, பள்ளிவாசல் பாங்கா, இல்ல சும்மா வானத்த பாத்தா? எங்க வீட்டுல கடிகாரம் இருந்தும் எங்கம்மா சாயங்கால மஃரிப் பாங்கு கேட்டுதான் உலை வைப்பாங்க. குருவிக்கும் ஆறு மணின்னு ஒன்னு கெடையாது, வெளிச்சம்தான் கணக்கு. காலைல வெளுக்குறப்பயும் சாயங்காலம் மசங்குறப்பயும் கூப்பிடும், நம்ம பக்கம் பனிக்காலத்துல அது ரெண்டுமே ஆறு மணிய ஒட்டி வந்துருது. உங்க ஞாபகத்துல பனிக்காலம் மட்டும் தங்கிருச்சு, மத்த மாசமெல்லாம் அதுக்குள்ள கரைஞ்சு போச்சுன்னு நெனைக்கிறேன்.

இப்ப கேக்காததுக்கு காரணத்த நீங்களே கடைசி வரில எழுதிட்டீங்க. மல்லிய நாத்து தோட்டம்னா நெழலு, ஈர மண்ணு, சருகு, சருகுக்கு அடில புழு. லாட்ஜுன்னா டைல்ஸ், விடிய விடிய லைட்டு. ஊருக்குள்ள இன்னும் நாத்து போடுறவுக தோட்டம் இருக்குமே, கார்த்திகைல ஒரு சாயங்காலம் பயலயும் கூட்டிட்டு போயி வேலி ஓரமா அஞ்சரைக்கே உக்காந்து பாருங்க. போன ஆஃப் பண்ணிருங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா. கீழக்கரைக்காரன், துபாய்ல வேலை. லீவுல ஊருக்கு வந்தப்ப பிள்ளைகள கூட்டிட்டு தனுஷ்கோடி போனோம், கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணிக்குள்ள கூட்டமா பூநாரை. நான் சின்னப்புள்ளைல வாலிநோக்கம் உப்பளத்துகிட்ட பாத்தது, அதுக்கப்பறம் இப்பதான் ஊர்ல பாக்குறேன். அது உப்புத்தண்ணி குடிச்சு குடிச்சுதான் செவக்குதுன்னு வாப்பா அப்ப சொன்னாக, உண்மையா? என் மக நடுவுல நாலஞ்சு அழுக்கு கொக்கு நிக்குதுங்குறா.

பதில்: வ அலைக்கும் அஸ்ஸலாம் தம்பி. வாப்பா முக்காவாசி சரியாத்தான் சொல்லியிருக்காக. செவப்பு உப்புல இல்ல, உப்புத்தண்ணில வளர்ற பொடி இறாலுலயும் பாசிலயும் இருக்கு. தலைய கவுத்துப் போட்டு அலக தலைகீழா வச்சு தண்ணிய உறிஞ்சி சல்லடை மாதிரி அரிச்சு திங்கும், அந்த சாயம் எறகுல ஏறும். குஞ்சா இருக்கப்ப சாம்பல் கலருதான், நல்லா செவக்க ரெண்டு மூணு வருசம் ஆகும். மககிட்ட சொல்லுங்க, அவ பாத்த அழுக்கு கொக்கு பூநாரை வீட்டு சின்னப்புள்ளைங்க.