பாதி சத்தம் எவ்வளவு?

வணக்கம்.

தகவல்தொடர்பு ஒலியியலை, அதாவது பேச்சும் ஒலியும் உருவாகிக் காதை எட்டும் விதத்தை, நிரல் எழுதிப் பழகும் பயிற்சிகள் வழியாகக் கற்றுவருகிறேன். பைத்தான் நிரல்மொழி, நிரலைத் துண்டு துண்டாக இயக்க ஜூபிட்டர் நோட்புக். ஒரு பயிற்சியில் ஒலியலையின் வீச்சை, அதாவது அலையின் உயரத்தை, பாதியாக்கிக் கேட்கச் சொல்லியிருந்தது. பாதியாக்கினேன், சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. பத்து முறை கேட்டேன். காதில்தான் கோளாறோ என்று பயமாகிவிட்டது. மற்ற பயிற்சிகள் பிழையில்லாமல் ஓடுகின்றன, வரைபடங்களும் வருகின்றன. ஆனால் எதுவும் மனதில் தங்கவில்லை. ஒலியை எளிய அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் கணிதத்தைப் புத்தகத்தில் முடித்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காது சரியாகவே இருக்கிறது. நோட்புக்கில் ஒலியை இயக்கும் கட்டளை, எந்த அலையைக் கொடுத்தாலும் அதன் உச்சம் முழு அளவைத் தொடும்படி தானாகவே பெருக்கிவிடும். நீங்கள் குறைத்ததை அது மறுபடி ஏற்றிவிட்டது. கட்டளையில் நார்மலைஸ் என்ற அமைப்புக்கு ஃபால்ஸ் என்று கொடுங்கள். அலையின் மதிப்புகள் -1க்கும் 1க்கும் இடையில் இருக்கட்டும். நானும் ஒரு மாலை முழுவதும் இதே இடத்தில் தவித்திருக்கிறேன்.

‘பத்து முறை கேட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அந்த ஒரு பயிற்சியில் மட்டும் என்ன கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உங்களிடம் இருந்தது. காது அதை மறுத்தது, நீங்கள் விடவில்லை. மற்றவற்றில் எதிர்பார்ப்பே இல்லாமல் நோட்புக்கின் நிரல் துண்டுகளை இயக்கியிருக்கிறீர்கள். அதனால்தான் ஒன்றும் தங்கவில்லை. இனி ஒவ்வொரு முறையும் இயக்குவதற்கு முன், என்ன கேட்கும் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். தவறாக இருந்தால் இன்னும் நல்லது.

கட்டளையைச் சரிசெய்தபின் அதே பயிற்சிக்குத் திரும்புங்கள். வீச்சு பாதியானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஆனால் சத்தம் பாதியானதாகத் தோன்றாது. அப்படித் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது வீச்சு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே போக வேண்டும். கணக்கின் பாதி வேறு, காதின் பாதி வேறு. இந்தத் துறையே அந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

அடுத்து உயிரெழுத்துகளைச் செய்து பாருங்கள். முதன்முதலாக என்னை உட்காரவைத்தது அந்தப் பயிற்சிதான். குரல் நாண்களிலிருந்து உதடுவரை, வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ. அதை ஒருபக்கம் மூடிய நேரான குழாயாக எண்ணிக்கொண்டால், ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்ற கணக்கில், ஒத்ததிர்வுகள், அதாவது குழாய் வலுப்படுத்தும் அதிர்வெண்கள், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அருகே விழும். குரல் நாண்களின் இடத்தில் நொடிக்கு 120 துடிப்புகள் கொண்ட ஒரு தொடரை எடுத்து, இந்த மூன்று இடங்களிலும் ஒத்ததிரும் வடிகட்டிகள் வழியாகச் செலுத்துங்கள். வாயைத் தளர்த்தி ‘அ’ என்று முனகுவது போல ஏதோ கேட்கும். இப்போது முதல் இரண்டு எண்களை 300, 2300 பக்கம் நகர்த்துங்கள்: ஈ. 700, 1100 என்றால் ஆ. 300, 900 என்றால் ஊ. எழுத்து மாறியது, சுருதி மாறவில்லை. பிறகு வடிகட்டிகளைத் தொடாமல் 120ஐ 180 ஆக்குங்கள்: சுருதி ஏறும், எழுத்து அப்படியே நிற்கும். கடைசியாக, துடிப்புகளை எடுத்துவிட்டு வெறும் இரைச்சலைச் செலுத்துங்கள். கணினி ‘ஊ’ என்று கிசுகிசுக்கும்! குரல் வேறு, வாயின் வடிவம் வேறு என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தும் எனக்குப் புரியாதது அந்தக் கிசுகிசுப்பில் புரிந்தது.

ஃபூரியரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்கூட்டியே முடிக்க வேண்டாம். தேவைப்படும் இடத்தில் திறந்தால் போதும். அப்படி ஓர் இடம் சொல்கிறேன். 200, 400, 600 என்று 1200 ஹெர்ட்ஸ்வரை ஆறு சைன் அலைகளைக் கூட்டிக் கேளுங்கள். பிறகு 200ஐ மட்டும் நீக்குங்கள். ஒலியின் நிறம் சற்று மாறும்; சுருதி அதே இடத்தில் நிற்கும். எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் நிறமாலைப் படத்தில் 200இல் ஒன்றுமே இருக்காது, ஆனாலும் அந்தச் சுருதி கேட்கும். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ்வரைதான் கடத்தியது. பெரும்பாலான ஆண் குரல்களின் அடிப்படை அதிர்வெண் அதற்கு வெகு கீழே. இருந்தும் அந்தக் குரல்கள் தாழ்ந்தே ஒலித்தன. காரணம் தேடுகிறவர் அலையின் படத்தையும் வரைந்து பார்ப்பார்: 200ஐ நீக்கிய பின்னும் அது 5 மில்லிநொடிக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் செய்கிறது. அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபூரியரைப் படியுங்கள்.

அதே ஆறில் 400, 800, 1200 மட்டும் மிஞ்சினால் சுருதி எங்கே நிற்கும்? இயக்குவதற்கு முன் எழுதிவைத்த வரியை எனக்கு அனுப்புங்கள்.