ஏமனுக்குப் போகலாமா?

கேள்வி: ஏமனுக்குப் போய்வந்த ஒரு யூடியூபர், ‘மக்கள் தங்கமானவர்கள், பத்திரிகைகள்தான் பூச்சாண்டி காட்டுகின்றன’ என்கிறார். மண்ணாலான மாடிவீடுகள், இடுப்பில் கத்தி செருகிய ஆட்கள் என்று பார்க்கவே ஆசையாக இருக்கிறது. நானும் கிளம்பலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: மக்கள் தங்கமானவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது: உங்களைக் காக்க அவர்கள்தான் விலை கொடுக்கவேண்டிவரும்.

அந்த மலைநாட்டில் விருந்தாளிக்கு ஒன்று ஆகிவிட்டால் அழைத்து வந்தவனின் மானம் போச்சு. 1990களில் வெளிநாட்டுப் பயணிகளைக் கடத்தியதுகூட பெரும்பாலும் பேரம்தான். ‘எங்கள் ஊருக்கு ரோடு போடு, சிறையிலிருக்கும் எங்கள் ஆளை விடு’ என்று அரசாங்கத்திடம் கேட்பார்கள். அதுவரை பிணைக்கைதிக்கு ராஜ உபசாரம்! 1998 டிசம்பரில் தெற்கே அப்யன் மாகாணத்தில் 16 பயணிகளைப் பிடித்தவர்கள் வேறு ரகம், ஜிகாதிகள். மீட்கப்போன ராணுவத்துக்கும் அவர்களுக்கும் நடந்த சண்டையில் 4 பயணிகள் செத்தார்கள். 2007 ஜூலையில் மாரிப் என்ற ஊரில், பைபிளில் வரும் ஷீபா ராணியின் கோயில் என்று சொல்லப்படும் இடத்தில், ஸ்பெயின் நாட்டுப் பயணிகள் மீது வெடிகுண்டுக் காரை மோதினார்கள். ஸ்பானியர்கள் 8 பேரோடு ஏமன்காரர்கள் இருவரும் பலி. அந்த இருவரும் சாகசம் தேடி வந்தவர்களா? பிழைப்புக்கு வண்டி ஓட்டியவர்கள். 2009 மார்ச்சில், நீங்கள் ஆசைப்படும் அதே மண் மாடிகளை ஷிபாம் என்ற ஊரில் பார்க்கப்போன 4 தென்கொரியர்களைத் தற்கொலைப் படையாள் கொன்றான்.

இத்தனையும் போருக்கு முன்னால். 2014இல் ஹூதிகள் என்ற கிளர்ச்சிப் படையினர் தலைநகர் ஸனாவைப் பிடித்தார்கள், 2015 மார்ச்சில் அவர்கள்மீது சவூதி விமானங்கள் குண்டு போட ஆரம்பித்தன. அதற்குப் பிறகு நிலவரம் என்ன என்பதை உங்கள் யூடியூபர் வெட்டியெறிந்த காட்சிகளில் தேடுங்கள். சோதனைச் சாவடிக்குச் சாவடி, கன்னம் புடைக்க காட் என்ற போதை இலையை அதக்கிக்கொண்டு துப்பாக்கியோடு ஒருவன் நிற்பான். உங்கள் டிரைவர் பயண அனுமதிச் சீட்டின் ஜெராக்ஸ் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு, உங்களுக்காகப் பதில் சொல்வார். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். அவர் மறுநாளும் அதே சாவடியைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று, இந்திய பாஸ்போர்ட்டில் ஏமன் போக 2017 முதல் தடை இருக்கிறது. ஸனாவில் நம் தூதரகமும் இல்லை. 2015இல் 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டுவந்தார்களே, அவர்கள் அங்கே வேலைக்குப் போனவர்கள். வீடியோ எடுக்கப்போன உங்களுக்காக இன்னொரு கப்பல் வரும் என்று எண்ணவேண்டாம்.

பழைய கோட்டையும் இடுப்புக் கத்தியும் பார்த்தே தீரவேண்டுமா? பக்கத்து ஓமானில் நிஸ்வா என்ற பழைய நகரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஆட்டுச் சந்தைக்குப் போங்கள். ஆடுகளை வட்டமாக ஓட்டிவர, சுற்றி உட்கார்ந்து விலை பேசுவார்கள். யூடியூபுக்கும் ஆகும்.