இறக்குமதித் தகட்டுக்கு வரி, உள்ளூர்த் தகட்டுக்கு விலையேற்றம்: சிறு பட்டறைகள் என்ன செய்யலாம்?

கேள்வி: கோவையில் சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, பேனல் போர்டு, பம்ப் செட்டுக்கான பேஸ் பிரேம் செய்து தருகிறோம். சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டியது), எச்.ஆர். (சூட்டில் உருட்டியது) தகடுகளை உள்ளூர் டீலரிடம்தான் வாங்குகிறேன். எல்லாமே இந்திய ஆலைச் சரக்கு. இருந்தும், இறக்குமதிக்கு 12 சதவீத வரி போட்டுவிட்டார்கள் என்று சொல்லி டீலர் விலையை ஏற்றுகிறார். சேனல், ஆங்கிள், ஸ்டெயின்லெஸ் தகடு எல்லாவற்றுக்கும் அதே காரணத்தைச் சொல்கிறார். இது நியாயமா? விலை இறங்குமா? ஒரு பம்ப் நிறுவனத்துக்கு ஆறு மாதம் ஒரே விலையில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: டீலர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி உண்மையில்லை. எது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் அவரிடம் நீங்கள் பேரம் பேச முடியும்.

உண்மையான பகுதியை முதலில் சொல்கிறேன். உள்நாட்டு ஆலை தன் தகட்டுக்கு விலை வைக்கும்போது தன்னுடைய செலவை மட்டும் பார்ப்பதில்லை. அதே தகடு வெளிநாட்டிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினால் என்ன விலை ஆகும் என்பதையும் பார்க்கிறது. வாங்குபவர் இறக்குமதிச் சரக்குக்குப் போய்விடாத அளவுக்கு, அந்த விலைக்குச் சற்று மேலேயோ கீழேயோ தன் விலையை நிறுத்துகிறது. ஆகவே இறக்குமதிச் சரக்கை நீங்கள் தொடாவிட்டாலும், அதன் விலைதான் உங்கள் பில்லில் மறைமுகமாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் எச்.ஆர். காயில் (சுருளாக வரும் தகடு) 500 டாலருக்குத் துறைமுகம் வந்து சேர்கிறது, ஒரு டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கின் மதிப்பு 44,000 ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், அதாவது 3,300 ரூபாய். அந்த வரியின் மீது 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 330 ரூபாய். ஆக 47,630 ரூபாய். இதுதான் பழைய நிலை. இதன் மேல், டீலர் சொல்லும் அந்த 12 சதவீத வரி, அதாவது உள்நாட்டுத் தொழிலை இறக்குமதிப் பெருக்கிலிருந்து காக்கப் போட்ட பாதுகாப்பு வரி (முதலாம் ஆண்டு விகிதம்), 5,280 ரூபாய் சேர்கிறது. அடக்கவிலை 52,910 ரூபாய் ஆகிவிடுகிறது. பாதுகாப்பு வரியின் மீது சமூக நலக் கூடுதல் வரி கிடையாது. கொரியா, ஜப்பான் சரக்குக்கு வர்த்தக ஒப்பந்தப்படி அடிப்படைச் சுங்க வரி இல்லாததால், அது 44,000 ரூபாயிலிருந்து 49,280 ரூபாய்க்கு ஏறுகிறது. இதற்கு மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதைச் செலவாகக் கருத வேண்டாம். சுங்க வரிக்கும் பாதுகாப்பு வரிக்கும் அப்படித் திரும்ப எடுக்கும் வழி இல்லை. அவை செலவோடு செலவாகச் சேர்ந்துவிடும். (சிறு வணிகர்கள் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாத காம்போசிஷன் திட்டத்தில் நீங்கள் இருந்தால் ஜி.எஸ்.டி.யும் உங்களுக்குச் செலவுதான்.)

அந்த 5,280 ரூபாய்தான் உள்நாட்டு ஆலைக்குப் புதிதாகக் கிடைத்திருக்கும் இடம். அவ்வளவும் ஏற்றலாம் என்ற அனுமதி கிடைத்திருக்கிறது. அவ்வளவும் ஏற்ற முடியுமா என்பது சந்தையில் வாங்க ஆள் இருப்பதைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறக்குமதி வரி உள்ளூர் விலைக்கு மேல்வரம்பை உயர்த்துகிறது. விலை அதற்குக் கீழே இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் வேலையை அது செய்வதில்லை.

2025-இல் நடந்ததே இதற்குச் சான்று. ஏப்ரல் 21 அன்று மத்திய அரசு 200 நாள்களுக்கு 12 சதவீத இடைக்காலப் பாதுகாப்பு வரியை அறிவித்தது. அதை எதிர்பார்த்தே முன்கூட்டி ஏறத் தொடங்கிய தகட்டு விலை, ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்துக்குப் போனது. பிறகு மழைக்காலத்தில் கட்டுமானத் தேவை சுருங்கியது. புதிய உற்பத்தித் திறனும் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. கலிங்காநகரில் டாடா ஸ்டீலின் பெரிய ஊதுலை 2024 செப்டம்பரில்தான் இயங்கத் தொடங்கியிருந்தது. வரி நடப்பில் இருந்தபோதே, ஆண்டின் பிற்பகுதியில் விலை இறங்கிவிட்டது. ஆகவே “வரி இருக்கும்வரை விலை குறையாது” என்று டீலர் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வரி இப்போது மூன்று ஆண்டு வரியாகிவிட்டது. 2025 டிசம்பர் இறுதியில் வந்த அறிவிப்பின்படி, 2025 ஏப்ரல் 21 முதல் முதலாம் ஆண்டுக்கு 12 சதவீதம், அடுத்த ஆண்டுக்கு 11.5, மூன்றாம் ஆண்டுக்கு 11. இதில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. இறக்குமதி விலை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வரி விழாது. எச்.ஆர். காயிலுக்கு அந்த அளவு டன்னுக்கு 675 டாலர், சி.ஆர். தகட்டுக்கு 824 டாலர். உலகச் சந்தையில் விலை அந்த உயரத்துக்குப் போனால் வரி தானாகவே விலகிக்கொள்ளும்.

இனி, உண்மையில்லாத பகுதி. இந்தப் பாதுகாப்பு வரி தட்டை வடிவ எஃகுக்கு மட்டும்தான்: எச்.ஆர். காயில், தகடு, பிளேட், சி.ஆர். தகடு, துத்தநாகப் பூச்சுத் தகடு, வண்ணம் பூசிய தகடு ஆகியவை. ஆங்கிள், சேனல், ரவுண்டு, டி.எம்.டி. கம்பி இதில் வராது. ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு விலக்கு. மோட்டார் ஸ்டாம்பிங்குக்குப் போகும் சி.ஆர்.என்.ஓ. மின் எஃகுக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் சி.ஆர்.ஜி.ஓ. எஃகுக்கும் விலக்கு. அவற்றின் விலை ஏறியிருக்கலாம். நிக்கல் விலை, ரூபாய் மதிப்பு, தரச் சான்று விதிகள், இரும்புத்தாது என்று வேறு காரணங்கள் இருக்கக்கூடும். ஆனால் “12 சதவீத வரி” என்ற காரணம் அவற்றுக்குப் பொருந்தாது. டீலரிடம் தேதி குறிப்பிட்ட ஆலை விலைச் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான டீலர் காட்டுவார். சேனலுக்கும் ஸ்டெயின்லெஸுக்கும் பாதுகாப்பு வரியைக் காரணம் காட்டுபவரை, அந்தப் பொருள்களுக்கு மட்டுமாவது வேறு இரண்டு இடங்களில் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

அறிவிப்பு வந்த அன்றே, கிடங்கில் கிடந்த பழைய சரக்குக்கும் விலை ஏற்றினார்கள் என்பது பலருடைய புகார். அது சட்டவிரோதமில்லை. விற்ற சரக்கை மீண்டும் வாங்கி நிரப்ப ஆகும் விலையைத்தான் வியாபாரி கணக்கில் எடுக்கிறார். ஆனால் அதே நியாயப்படி விலை இறங்கும்போதும் பழைய சரக்கின் விலையை அன்றே இறக்க வேண்டும். அப்போது “இது பழைய விலைக்கு வாங்கியது” என்று சொன்னால், ஏற்றத்தின்போது அவர் சொன்னதை நினைவூட்டுங்கள்.

அரசு ஏன் இந்த வரியைப் போட்டது? சீனா 2024-இல் 11 கோடி டன்னுக்கு மேல் எஃகை ஏற்றுமதி செய்தது. 2024-25 நிதியாண்டில் இந்தியா சுமார் 95 லட்சம் டன் முழுமையாக்கப்பட்ட எஃகை இறக்குமதி செய்தது. ஏற்றுமதியைவிட அது மிக அதிகம். இதற்கிடையே அமெரிக்கா எஃகு, அலுமினியத்துக்கு 2025 மார்ச்சில் 25 சதவீதமும், ஜூன் 4 முதல் 50 சதவீதமும் வரி போட்டது. பெரிய நாடு ஒன்று கதவைச் சாத்தினால் அந்த நாட்டுக்குள் விலை ஏறும். உள்ளே போக முடியாத சரக்கு மற்ற நாடுகளைத் தேடி வரும், அங்கே விலை இறங்கும். அப்படி வரும் சரக்கு நம் ஆலைகளை நசுக்கிவிடும் என்பதுதான் எஃகுத் தொழிலின் வாதம். அந்த அச்சம் பொய்யில்லை. ஆலைகள் நொடித்துப் போய், தகட்டுக்கு முழுக்க வெளிநாட்டையே நம்பியிருக்கும் நிலை உங்களுக்கும் நல்லதில்லை.

ஆனால் இந்தக் கொள்கை உங்களைப் போன்றவர்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். உதாரணத்துக்கு, 1,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். தகடு 550 ரூபாய். கூலி, மின்சாரம், பவுடர் கோட்டிங், வாடகை, வட்டி 380 ரூபாய். மிச்சம் 70 ரூபாய். தகடு 8 சதவீதம் ஏறினால் 44 ரூபாய் போய்விடுகிறது. கையில் நிற்பது 26 ரூபாய். விலையில் 4.4 சதவீத மாற்றம்தான், ஆனால் உங்கள் லாபத்தில் அது அறுபது சதவீதத்துக்கு மேல். அதே நேரத்தில், வெளிநாட்டிலிருந்து முழுப் பெட்டியாகவே செய்து கொண்டுவருபவருக்கு இந்தப் பாதுகாப்பு வரி இல்லை. வரி தகட்டோடு நின்றுவிடுகிறது. மூலப்பொருளுக்கு வேலி போட்டுவிட்டு, அதை வளைத்து, வெட்டி, பற்றவைத்துச் செய்யும் பொருளைத் திறந்தவெளியில் விட்டால், நாம் காக்க நினைக்கும் உற்பத்தித் தொழிலையே அது அரித்துவிடும்.

அமெரிக்க அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டியது. 2018 மார்ச்சில் டிரம்ப் அரசு எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி போட்டபோது, அங்கே எச்.ஆர். காயில் விலை அந்த ஆண்டின் நடுவில் டன்னுக்கு 900 டாலரைத் தாண்டியது. 2019 பிற்பகுதியில், வரி நீடித்தபோதே, வரிக்கு முன்பிருந்த விலைக்கும் கீழே விழுந்தது. அந்த வரிகளின் விளைவை ஆராய்ந்து அமெரிக்க மத்திய வங்கியின் பொருளாதார அறிஞர்கள் ஆரன் ஃப்ளாயனும் ஜஸ்டின் பியர்ஸும் 2019 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாதுகாப்புப் பெற்ற துறைகளுக்குக் கிடைத்த சிறு நன்மையை, மூலப்பொருள் செலவு உயர்வும் பிற நாடுகளின் பதிலடி வரியும் விழுங்கி, மொத்த உற்பத்தித் துறை வேலைவாய்ப்பு குறைந்தது என்பது அவர்களின் முடிவு.

செம்பில் நடந்தது இன்னொரு பாடம். பம்ப் தொழிலில் இருக்கும் உங்கள் நண்பர்களுக்கு இது பயன்படும். 2025 ஜூலை 8 அன்று, இறக்குமதிச் செம்புக்கு 50 சதவீத வரி வரும் என்று டிரம்ப் அறிவித்தார். நியூயார்க் சந்தையில் செம்பு விலை ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் எகிறியது. வரிக்கு முன்பே கொண்டுசேர்த்துவிட வேண்டும் என்று வியாபாரிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஜூலை 30 அன்று அறிவிப்பு வந்தபோது, குழாய், கம்பி போன்ற பாதி தயாரான பொருள்களுக்குத்தான் வரி. கேத்தோடு எனப்படும் சுத்திகரித்த செம்புத் தகட்டுக்கு வரி இல்லை. விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. லண்டன் சந்தையில் இந்த ஆட்டம் இல்லை. வரி வரப்போகிறது என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்கிச் சரக்குக் குவிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. கையில் இருக்கும் ஆர்டருக்குத் தேவையான தகட்டை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

இப்போது உங்கள் ஆறு மாத ஒப்பந்தத்துக்கு வருவோம். பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஏ பிரிவைக் காட்டி விலையை ஏற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு, விற்கும் பொருளின் மீதே சுங்க வரியோ பிற வரியோ புதிதாக விழுந்தால், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் அதை விலையோடு சேர்த்துக்கொள்ள அந்தப் பிரிவு இடம் தருகிறது. நீங்கள் விற்பது பெட்டி. வரி விழுந்தது வேறொருவர் இறக்குமதி செய்யும் தகட்டுக்கு. எனவே அந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது. பேசித்தான் தீர்க்க வேண்டும்.

பேசப் போகும்போது “இரும்பு விலை ஏறிவிட்டது” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஆர்டர் எடுத்த வாரத்துத் தகட்டு பில், இந்த வாரத்துப் பில், ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ தகடு, வெட்டுக்கழிவு எத்தனை சதவீதம், கழிவை விற்று எவ்வளவு வருகிறது என்ற ஐந்து விவரங்களை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கொள்முதல் அதிகாரி தன் மேலாளரிடம் காட்ட அவருக்கும் ஒரு தாள் வேண்டும். முழு உயர்வையும் கேட்காமல், மீதமுள்ள மாதங்களுக்குப் பாதியை அவர்கள் ஏற்கும்படி கேட்பது பெரும்பாலும் பலிக்கும். தகட்டை அவர்களே வாங்கித் தந்து, நீங்கள் ஜாப் ஒர்க் அடிப்படையில் கூலிக்குச் செய்து தருவது இன்னொரு வழி. லாபம் குறையும், ஆனால் விலையேற்ற ஆபத்தும், தகட்டில் முடங்கும் பணமும் உங்களை விட்டுப் போய்விடும்.

அடுத்த கொட்டேஷனிலிருந்து விலை மாற்ற விதி ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட ஆலையின், குறிப்பிட்ட கனத் தகட்டு விலையை அடிப்படையாக எழுதுங்கள். அது 3 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ, தகட்டின் எடைக்கு மட்டும் விலை மாறும் என்று எழுதுங்கள். இறங்கினால் குறைத்துத் தருவேன் என்ற வரி இருந்தால்தான் எதிர்த்தரப்பு கையெழுத்துப் போடும். மின்சாதனத் தொழிலில் இது புதிதில்லை. மின்சாதன உற்பத்தியாளர்களின் சங்கமான ஐஈஈஎம்ஏ வெளியிடும் மூலப்பொருள் விலைச் சுற்றறிக்கையை வைத்துத்தான் டிரான்ஸ்ஃபார்மர் ஒப்பந்தங்களே ஓடுகின்றன. கொட்டேஷன் செல்லுபடியாகும் காலத்தையும் ஏழு நாள், பத்து நாள் என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெட்டி பொருத்தப்பட்ட பம்ப் ஏற்றுமதியாகிறதா என்றும் அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். ஏற்றுமதிக்கான பொருளில் சேரும் தகட்டை அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற, ஏற்றுமதியாளர் வரியின்றி மூலப்பொருள் இறக்குமதி செய்யும் உரிமத்தில் கொண்டுவந்தால் அடிப்படைச் சுங்க வரி, பாதுகாப்பு வரி இரண்டுமே இல்லை. சிறு பட்டறை தனியாக இதற்கு அலைவது கடினம்; ஏற்றுமதி செய்யும் நிறுவனம் உரிமம் எடுத்து உங்களைத் துணை உற்பத்தியாளராகச் சேர்க்க முடியும்.

கடைசியாக ஒன்று. இந்த வரியைப் பரிந்துரைத்தது வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்ககம். விசாரணை தொடங்கும்போது தகடு பயன்படுத்துவோரும் மனு கொடுக்கலாம், விசாரணையில் பேசலாம். ஆலைகள் வழக்கறிஞர்களோடும் கணக்காளர்களோடும் வருகின்றன; பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் அறிவிப்பு வந்த பிறகுதான் விஷயத்தையே அறிகிறார்கள். கோவையில் கொடிசியா, சீமா போன்ற வலுவான சங்கங்கள் இருக்கின்றன. நீங்கள் உறுப்பினராக இருக்கும் சங்கத்திடம், அடுத்த விசாரணை அறிவிப்பு வெளியானதும் மனு கொடுக்கச் சொல்லுங்கள். பம்ப் நிறுவனத்துக்கு எழுதிய அதே தாளின் நகலை அவர்களிடமும் கொடுத்து வையுங்கள்.